தேவையின்மைச் சான்று

ஆகஸ்டு முதல் தேதி நிலவரப்படி அர்த்தநாரியின் வீட்டில் ஓர் ஆள் அதிகமாக இருந்தது தெரியவந்தது. அளவையாளர் பொன்னுரங்கம் காலை ஏழு மணிக்கு வந்து கூடத்தின் நீளத்தையும் குடும்பத்தின் பேச்சையும் நாடாவால் அளந்தார். தண்ணீர்க் குடத்தைத் தட்டிப் பார்த்தார். ஐந்து பேரையும் சுவரோரம் நிறுத்தி, ஒவ்வொருவராக மூச்சுவிடச் சொன்னார். பிறகு, இந்த வீட்டுக்கு நான்கு பேர் போதும் என்று ஒரு தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டினார்.

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முந்தைய வாரம் அதே தெருவில் ஏழாம் எண் வீட்டில் இரண்டு பேர் அதிகமாக இருந்தார்கள். இப்போது இல்லை.

"அந்த ஒருத்தரு ஆருங்க?" என்று கேட்டார் அர்த்தநாரி. கேட்டபோதே அவர் முகம் மலர்ந்திருந்தது.

"கடைசியா இந்த வூட்ல சேந்தது ஆருங்க?" என்றார் பொன்னுரங்கம்.

மூன்று தலைகள் ஒரே பக்கம் திரும்பின. மகள் கோகிலவாணி மட்டும் தரையைப் பார்த்தாள்.

தெய்வசிகாமணி எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவளை மணந்து இந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால், பணியில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். அந்த விதி வீடுகளுக்கும் பொருந்தும் என்பதில் அவனுக்கு வியப்பு ஏதும் ஏற்படவில்லை. மைத்துனன் கௌரிசங்கருக்கு இருபத்தாறு ஆண்டுப் பணிமூப்பு இருந்தது. அவன் இந்த வீட்டில் பிறந்து சேர்ந்தவன்.

"பொட்டிய எடுத்து வெக்கட்டுங்களா மச்சான்?" என்றான் கௌரிசங்கர். பெட்டியை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தான்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, ஐந்தாவது ஆள் உட்காரும் இடத்தில் சுவர் இருந்தது. காலையில் அது இரண்டு அடி தள்ளி இருந்தது. தெய்வசிகாமணி நின்றபடி சாப்பிட்டான்.

"செவுரு இங்க வந்ததுக்கப்பறம் கூடமே லச்சணமா இருக்குது," என்றார் மாமியார் பழனியாத்தாள்.

கை கழுவிவிட்டு அவன் வாசலுக்குப் போய் ஆணையை முழுவதும் படித்தான். சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ் நகலில் எல்லாவற்றுக்கும் மிகை என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்திருந்தார்கள். ஆங்கில மூலத்தில் ஐந்து சொற்கள் இருந்தன. அவற்றுள் எது பொருந்தும் என்பதை நிரப்ப ஒரு வெற்றிடம் விடப்பட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் வெவ்வேறு நடவடிக்கை.

அந்த வெற்றிடத்தைக் கண்டதும் அவனுக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த ஐந்து சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் பதினோரு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவந்தான். எந்த ஆண்டிலும் எவரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

கோகிலவாணி பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒங்கள எங்கீங்க அனுப்புவாங்க?"

"வார்த்தையப் பொறுத்தது."

"இங்கயே இருக்கறதுக்கு வார்த்த இருக்குதுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குது."

"அப்ப அத வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள். கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வதைப் போலச் சொன்னாள். ஆனால் அவன் சட்டைக் கையை விடவில்லை.

மிகை வகைப்பாட்டு அலுவலகம் பேருந்து நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது. படி ஏறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாடி உயரும். மறுநாள் நிறையப் பேர் ஏறினார்கள். காலையில் ஏறத் தொடங்கிய தெய்வசிகாமணி பிற்பகலில் போய்ச் சேர்ந்தான்.

நீண்ட நடையில் ஐந்து ஜன்னல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கிலச் சொல்.

எக்ஸெஸ் ஜன்னலின் முன்னால் உயரமான ஒருவர் முடிதிருத்தும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கீழிருந்து குறைத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால்வரை முடிந்திருந்தது. "இன்னும் ரெண்டு விரக்கடை," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவர் பணிவோடு தலையாட்டினார். சர்ஃபிட் ஜன்னலில் ஒரு பாடகர் நின்றார். அவர் பாட்டு அவருடைய தெருவுக்கே திகட்டிவிட்டது. தெருவுக்கு மீண்டும் பசி எடுக்கும்வரை அவரை நான்காக மடித்துப் பீரோவில் வைப்பதாக ஏற்பாடு. ரிடண்டண்ட் ஜன்னலில் ஒரே நிறப் புடவையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். இருவரும் ஒரே பிள்ளையைப் பெற்றவர்கள். ஒருத்தி போதும் என்று முடிவாகியிருந்தது.

நீளமான வரிசை சர்ப்ளஸ் ஜன்னலில்தான். எல்லோர் கையிலும் பெட்டி. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பேருந்தின் ஹாரன் கேட்டது.

ஐந்தாவது ஜன்னலில் ஆளே இல்லை. கம்பிகளுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. தெய்வசிகாமணி அங்கே போய் நின்றான். கண்காணிப்பாளர் இந்துமதி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். ஐந்து ஜன்னல்களுக்கும் பின்னால் இருந்தது அவர் ஒருவர்தான்.

"என்னுங்க?"

"நான் சூப்பர்ஃப்ளூயஸ்ங்க மேடம்."

"இங்க ஆரும் வர மாட்டாங்களே. சர்ப்ளஸ்ல போயி நில்லுங்க."

"ரெண்டும் வேற வேறீங்க."

"எல்லாம் எக்ஸ்ட்ராதானுங்க சார். அக்கட்ட போங்க."

அவன் போகவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக ஒருவர் அவன் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வூட்ல பத்துத் தேங்கா இருக்குதுங்க. எட்டுப் போதும். மிச்சம் ரெண்டும் சர்ப்ளஸ். நல்ல தேங்காதான், பக்கத்து வூட்டுக்குக் குடுக்கலாம். கொழம்புல உப்பு கூடிருச்சுன்னா அது எக்ஸெஸ். அதக் கொறச்சே ஆவணும். கல்யாணத்துல அஞ்சாவது டம்ளர் பாயசம் இருக்குது பாருங்க, அதுக்கப்பறம் பாயசத்தப் பாத்தாலே கொமட்டும். அது சர்ஃபிட்."

"உள்ள போட்ட பூட்டுக்கு வெளியயும் ஒரு பூட்டுப் போட்டா?"

"அது ரிடண்டண்ட்ங்க மேடம்."

"சரி. நீங்க சொல்றது?"

"ஆறு ரெண்டு கரையும் பொரண்டு ஓடறப்ப மேல பேயற மழைங்க. ஆத்துக்கு அது வேண்டாம். ஆனா அதுக்குன்னு ஆரும் போயி மழைய நிறுத்த மாட்டாங்க. அது பாட்டுக்குப் பேயும்."

இந்துமதி பேனாவை மூடி வைத்தார்.

"ஒங்க கிளாசுல பசங்க தூங்குவாங்களா?"

"தூங்குவாங்க."

"தூங்கட்டும்," என்றார் அவர். பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்து, ஒட்டிக்கிடந்த ஒரு பக்கத்தை நகத்தால் பிரித்து வாசித்தார். ஐந்தாவது சொல்லுக்கு உரியவர் எவருக்கும் எதற்கும் தேவைப்படாதவர். அவர் மீது நடவடிக்கை அவசியமில்லை. இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

"இதுதானுங்க வேணும்," என்றான் தெய்வசிகாமணி.

"வேணும்னா குடுத்தர முடியுங்களா? நீங்க தேவையில்லைன்னு வூட்ல இருக்கற நாலு பேரும் எழுதித் தரோணும். ஒருத்தருக்காச்சும் நீங்க வேணும்னு வெய்யுங்க, அப்ப நீங்க பயன்படற சாமானு. பயன்படற சாமானு மிச்சமாக் கெடந்தா அது சர்ப்ளஸ். கீழ பஸ் நிக்குது."

"எழுதி வாங்கியாறனுங்க."

"எழுதுனா மட்டும் பத்தாது. பதினெட்டாந்தேதி சோறு போட்டுப் பாப்போம்."

அவனுக்குப் புரிந்தது. சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். அலுவலகம் அதையே தன் கருவியாக வைத்திருந்தது. குடும்பத்தாரை எதிரே உட்காரவைத்துப் பதினோரு உருண்டை ஊட்டுவார்கள். ஒன்றில்கூடப் புரை ஏறக் கூடாது.

இந்துமதி ஜன்னலின் வழியாக நான்கு படிவங்களைத் தள்ளினார். தலைப்பு: தேவையின்மைச் சான்று.

"தேவையில்லைன்னு எழுதித் தரோணுங்களா மாப்ள?" என்றார் அன்று மாலை வீட்டில் அர்த்தநாரி. "பேனாவக் குடுங்க."

அவர் மூன்று இடங்களில் கையெழுத்திட்டார். ஓர் இடத்தில்தான் கேட்டிருந்தார்கள். பிறகு தாளைத் தூரத்தில் பிடித்து அழகு பார்த்தார்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்தாங்க. பிரேம் போட்டு மாட்டிக்கறேன்."

பழனியாத்தாள் காரணம் எழுதவும் இடம் வேண்டும் என்றார். பால் வாங்கப் போனால் தயிரோடு வருகிறார் என்று எழுதினார். உட்கார்ந்தால் எழுவதில்லை, எழுந்தால் உட்காருவதில்லை என்று எழுதினார். தாள் தீர்ந்ததும் சுவரில் எழுதினார்.

"மச்சான், இங்க ஒங்க பேரு கேட்டிருக்குது," என்றான் கௌரிசங்கர். "ஒங்க பேரு என்னுங்க?"

தெய்வசிகாமணி பெயரைச் சொன்னான்.

"அடேங்கப்பா, அத்தன பெருசா? கட்டத்துல புடிக்காதே. பாதி போட்டுக்கறேன்."

பாதிப் பெயரோடு மூன்றாவது சான்று முடிந்தது. கோகிலவாணி பேனாவைத் தொடவில்லை. சமையலறையில் ஸ்டூல் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு நீங்க வேணுமுங்க."

"வேணும்னு எழுதுனா பஸ் ஏத்திருவாங்க."

"வேண்டாம்னு எழுதுனா?"

"ஒங்கூடவே இருப்பேன்."

"இதென்னுங்க நாயம்?"

"சட்டம்."

"நான் பொய் எழுத மாட்டேன்."

"பொய்யி எழுத வேண்டாம் கோகிலா. பதினெட்டுக்குள்ள நெசமாக்கிரலாம்."

அவள் கட்டியிருந்த கைகளை விடுவித்தாள். பிறகு எழுந்து கைகளைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பேனாவை வாங்கினாள்.

"எத்தன நாளு இருக்குதுங்க?"

"பதினாறு."

தெய்வசிகாமணி ஒரு பழுப்பு அட்டையில் கால அட்டவணை தயாரித்தான். பொதுத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்ய அவன் எப்போதும் பின்பற்றும் முறைதான். கண்ணாடிமுன் நின்று, தன்னிடம் பார்க்கக் கிடைத்த யாவற்றையும் பட்டியலிட்டு, நாள்வாரியாகப் பிரித்தான். இரவுச் சமையல் முடிந்ததும் அவள் ஸ்டூலில் உட்காருவாள். அவன் எதிரில் நின்று அன்றைய பாடத்தைச் சுட்டிக்காட்டுவான். அவள் அதை மறப்பாள்.

முதல் நாள் காதுகளை மறந்தாள். அது சுலபமாக இருந்தது. நான்காம் நாள் குரலை மறந்தாள். அன்றிலிருந்து அவன் பேசினால் அவள் எழுந்து போய், ஓடாத மிக்ஸியை அணைத்தாள். ஏழாம் நாள் கைகள் போயின. காப்பி டம்ளரை அவன் கை இல்லாத இடத்தில் நீட்டினாள். அது விழுந்தது. இரண்டு பேரும் அதைத் துடைத்தார்கள். தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தை மூன்றாகப் பிரித்து மறக்க வேண்டியிருந்தது. மண்டபத்தையும் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் மறந்துவிட்டாள். தாலி கட்டிய நேரம் இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடவில்லை. தன் வேலை என்ன என்பதும் மறந்துபோகும் என்று அஞ்சி, ஒரு சீட்டில் எழுதி மஞ்சள்தூள் டப்பாவில் போட்டு வைத்தாள். ஒருத்தரை நினைக்கக் கூடாது. அவர் யாரென்று விசாரிக்கவும் கூடாது.

அவள் மறக்க மறக்கச் சுவர் பின்வாங்கியது. நாளுக்கு ஓர் அங்குலம். பத்தாம் நாள் அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார முடிந்தது. பதினைந்தாம் நாள் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

பதினாறாம் நாள் கோகிலவாணி அவனுக்குச் சோறு பரிமாறினாள். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க," என்றாள். வழிதவறி வந்தவர்களிடம் பேசும் குரல் அது. தெய்வசிகாமணி அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் போட்டான். ஆசிரியர் வாழ்வில் அவனுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. மகிழ்ச்சியில் இன்னொரு கரண்டி ரசம் கேட்டான். அவள் மிக்ஸியை அணைத்தாள்.

பதினெட்டாம் தேதி ஐவரும் படியேறினார்கள். அலுவலகத்தில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு போசி நிறையச் சோறும் இருந்தன. பொன்னுரங்கம் கைகளைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார். தெய்வசிகாமணி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். மற்ற நால்வரும் எதிர் பெஞ்சில்.

இந்துமதி நான்கு சான்றுகளையும் சரிபார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்குது. சோதனையில தேறிட்டா சூப்பர்ஃப்ளூயஸ்னு போட்டு அனுப்பிருவேன்."

"எங்கீங்க அனுப்புவீங்க?" என்றார் அர்த்தநாரி ஆவலோடு.

"ஒங்க வூட்டுக்குத்தான். நடவடிக்கை ஏதும் கெடையாது. அவரு பாட்டுக்கு இருப்பாரு."

"எத்தன நாளைக்குங்க?"

"சாவற வரைக்கும்."

அர்த்தநாரி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில் அப்படித்தான் கட்டுவார்.

"மேடம், நான் அவசரப்பட்டு எழுதிட்டனுங்க. எனக்கு என்ற மாப்ள வேணுமுங்க. என்ற உசுருங்க அவரு."

"அவரு இல்லாம ஒரு வாய் எறங்காதுங்க எனக்கு," என்று பழனியாத்தாள் அழத் தொடங்கினார். "தயிருன்னா தயிரு, அவரு வாங்கியாறதுதானுங்க தயிரு."

"மச்சான் எனக்கு அப்பா மாதிரிங்க," என்றான் கௌரிசங்கர்.

"அப்பன் நான் குத்துக்கல்லாட்ட இருக்கறேன்டா."

"ரெண்டாவது அப்பாங்க."

"ஒருத்தருக்கு ரெண்டு அப்பான்னா அது ரிடண்டண்ட்," என்றார் இந்துமதி. "மூணாவது ஜன்னல். இங்க பேசாதீங்க."

எட்டு ஆண்டுகளில் அந்த வீட்டார் அவனைப் பற்றி நல்லவிதமாகப் பேசித் தெய்வசிகாமணி கேட்டதில்லை. அவனுக்கு வியர்த்தது.

"வாயில சொல்றதெல்லாம் எடுபடாதுங்க," என்றார் இந்துமதி. "வேணும்னா இப்ப நெனச்சுக் காட்டுங்க. பொன்னுரங்கம், ஊட்டு."

முதல் உருண்டை இறங்கியது.

அர்த்தநாரியும் பழனியாத்தாளும் கௌரிசங்கரும் கண்களை இறுக மூடி அவனை நினைக்க முயன்றார்கள். அர்த்தநாரியின் நெற்றியில் நரம்பு புடைத்தது. இரண்டாவது உருண்டை இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது.

"ஏன்டா, இவருக்கு மூக்கு எப்புடி இருக்கும்?" என்று முணுமுணுத்தார் பழனியாத்தாள்.

"எதுத்தாப்புலதானம்மா இருக்காரு. கண்ணத் தொறந்து பாரு."

"தொறந்தா நெனப்பு கலஞ்சிருமாட்ட இருக்குது."

ஐந்தாவது உருண்டையின்போது அர்த்தநாரி பல்லை நறநறவென்று கடித்தார். தெய்வசிகாமணியின் காது மடல் சூடானது. இந்துமதி பேனாவால் மேசையைத் தட்டினார்.

"பெரியவரே, அது வெறுப்பு. சர்ஃபிட் ஜன்னலுக்குப் போவும். இங்க சேராது."

"வேற ஒண்ணும் வரமாட்டேங்குதுங்களே," என்றார் அர்த்தநாரி பரிதாபமாக.

பத்தாவது உருண்டையும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இந்துமதி முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார். ஐந்தாவது சொல் அதில் தலைகீழாகத் தெரிந்தது. பொன்னுரங்கம் கடைசி உருண்டையை உருட்டினார்.

அதை மென்றபடி தெய்வசிகாமணி கோகிலவாணியைப் பார்த்தான்.

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பகை இல்லை. எப்போது நகரும் என்ற பொறுமை மட்டும் இருந்தது.

பதினோராவது உருண்டை இறங்கியது.

இனி அவன் வீட்டுக்குப் போகலாம். அங்கே சம்மணமிட இடம் இருக்கும். தட்டில் சோறு விழும். அவளுக்குப் பக்கத்தில் படுக்கலாம். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் தூங்குவாள். பதினோரு ஆண்டுகள் அவன் கரும்பலகையில் எழுதிய சொல் அது. அது தொட்டால் எவ்வளவு குளிரும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

முத்திரை தாளை நோக்கி இறங்கியது. தெய்வசிகாமணி இருமினான்.

அது புரை அல்ல. தொண்டையில் ஒன்றுமே இல்லை. சோறு வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனாகத்தான் இருமினான்.

முத்திரை அந்தரத்தில் நின்றது. மூன்று பேரும் கண்களைத் திறந்தார்கள்.

"நாந்தானுங்க நெனச்சேன்!" என்று எழுந்தார் அர்த்தநாரி.

"இல்லீங்க, நானு," என்றார் பழனியாத்தாள்.

தெய்வசிகாமணி மறுபடியும் இருமினான். அவன் கண்கள் பெஞ்சின் ஓரத்தை விட்டு நகரவில்லை. கோகிலவாணி அசையவில்லை. அவன் மூன்றாவது முறை, கண்ணில் நீர் வரும்படி இருமினான்.

அவள் எழுந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முன்பின் தெரியாதவருக்குப் புரை ஏறினாலும் பக்கத்தில் இருப்பவர்கள் எழத்தான் செய்வார்கள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவன் உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டினாள். ஒரு முறை. இரண்டு முறை.

மூன்றாவது தட்டில் கை அங்கேயே நின்றுவிட்டது.

அட்டவணையில் உச்சந்தலை இல்லை. கண்ணாடி முன் நின்று பட்டியல் எடுத்தவன் தன் உச்சந்தலையை ஒருபோதும் பார்த்ததில்லை. அங்கே இரண்டு சுழிகள் இருந்தன. எட்டு ஆண்டுகளாக எண்ணெய் வைத்த கை அவற்றைக் கண்டுகொண்டது. முதலில் ஒரு விரல். பிறகு ஐந்து விரல்களும்.

"ஏனுங்க," என்றாள் கோகிலவாணி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க இருமுனீங்க?"

"பொரை ஏறிருச்சு."

"பொய்யி! பதினொண்ணும் எறங்குச்சு. நாந்தான் கண்ணு மூடாமப் பாத்துட்டு இருந்தனே."

"கோகிலா—"

"பதினாறு நாளுங்க! தாலி கட்டுனத மறக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுங்களா? ரெண்டு நாளு பட்டினி கெடந்தேன். எதுக்குங்க மறந்தேன்? எங்கூடவே இருப்பீங்கன்னு சொன்னதுக்குத்தான மறந்தேன்!"

"நீ பாத்த பார்வ..."

"எப்புடிப் பாக்கச் சொன்னீங்களோ அப்புடித்தான பாத்தேன்! மார்க்கு வேற போட்டீங்களே! தொண்ணூத்தேழு!"

அவள் அழவில்லை. மறுபடியும் தட்டத் தொடங்கினாள். இப்போது அது அடி. பதினாறு நாளில் மறந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் அவளிடம் திரும்பிக்கொண்டிருந்தன. காதுகள், குரல், கைகள், மண்டபம், சாப்பாடு.

தெய்வசிகாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தான். புரை ஏறியது. இம்முறை உண்மையாகவே ஏறியது. மூக்கு எரிந்தது. கண்கள் பிதுங்கின. பொன்னுரங்கம் தண்ணீர் கொடுத்தார். தண்ணீருக்கும் ஏறியது.

இந்துமதி முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை நான்காவது ஜன்னலுக்கு இழுத்துப் போனார். அங்கிருந்தே ஆணையின் வெற்றிடத்தை நிரப்பினார்.

"சர்ப்ளஸ். நல்ல தேங்கா. கெழக்க ஒரு வூட்ல மாப்பிள்ளை ஒண்ணு கொறையுது. நாற்காலியெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. இன்னிக்கே போயிச் சேரோணும்."

"நானும் போறனுங்க," என்றாள் கோகிலவாணி.

"நீங்க பொறந்து சேந்தவங்க. ஒங்க எடம் நிரந்தரம். மாத்த முடியாது. அம்மணி, மொதல்ல தட்டறத நிறுத்துங்க. நீங்க தட்டத் தட்டத்தான் அவருக்கு ஏறுது."

"நிறுத்த மாட்டனுங்க."

பழனியாத்தாளும் கௌரிசங்கரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவளை இழுக்க வேண்டியிருந்தது. கை போன பிறகும் உச்சந்தலை அதிர்ந்துகொண்டிருந்தது.

"வாழ்த்துக்களுங்க மாப்ள," என்றார் அர்த்தநாரி. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நல்ல எடமுங்க. கெழக்க பாத்த வாசலு." பெட்டி காலையிலேயே கீழே போயிருந்தது.

இறங்குவதற்கு மூன்று படிகள்தான் இருந்தன.

பேருந்தில் அவனுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஏறவில்லை. தெய்வசிகாமணிக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கூரையைப் பார்த்து இருமினான். குனிந்து இருமினான்.

"சார், நிறுத்துங்க. இல்லீனா எறங்கிருங்க," என்றார் கண்டக்டர். "ஒரு ஆளுக்கு இத்தன நெனப்பு எக்ஸெஸ்ங்க."

தெய்வசிகாமணி திருத்துவதற்காக விரலை உயர்த்தினான். பேச முடியவில்லை. விரலை இறக்கிக்கொண்டான்.

பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைச் சுளித்தார். "ஆருங்க ஒங்கள இப்புடிப் போட்டு நெனைக்கறது? மனுசன் உக்கார முடியல," என்றார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியது. புரை நிற்கவில்லை. ஆற்றுப் பாலத்தையும் தாண்டியது. அப்போதும் நிற்கவில்லை. தெய்வசிகாமணி பாட்டிலை வாங்கி, மூடியை இறுகத் திருகி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.